வாய் மூடிய சுரம்

யூலாலி இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. பருத்தித் துணியை நாலாக மடித்துக் கைகளுக்கு அடியில் கொடுத்து, தாங்கி சாய்ந்துவிடுமோ என்கிற அளவுக்கு உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி அழுத்தினாள். துணிக்கு அடியில், இரும்புக்குள் வண்டு ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி, அது துடித்துக்கொண்டே இருந்தது.

மணி மூன்று தாண்டி ஐந்து நிமிடம். பட்டப்பகல். ஜன்னல் திரையை மீறி பெல்மாண்ட் மேட்டின் வெயில் கூடத்துக்குள் வந்து விழுந்திருந்தது.

"நிறுத்து," என்றாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கைகளை எடுத்ததும் ரீங்காரம் மறுபடி கூடத்தை நிரப்பியது. மெல்லியதுதான். தெரு ஆரவாரமாக இருந்தால் காதில் விழாது. ஆனால் இன்று சாம்பல் புதன். நேற்று இரவோடு கார்னிவல் முடிந்து, போர்ட் ஆஃப் ஸ்பெயின் முழுக்கக் கடற்கரைக்குப் போய்விட்டிருந்தது. சந்தில் ஒரு வண்டி இல்லை. சாக்கடையோரம் யாரோ கழற்றி எறிந்த ஆரஞ்சு இறகுகளும் ஜிகினாவும் மட்டும் கிடந்தன. ரேடியோவில்கூட நோன்புக்காலப் பாடல்கள் தொடங்கிவிட்டன. இந்த அமைதியில் அந்த ஒற்றைச் சுரம் ஊசியில் கோத்த நூல் மாதிரி இழுபட்டுக்கொண்டே போனது.

சனிக்கிழமை முதல் முறை கேட்டபோது ஒரு நிமிடம்தான். ஏதோ லாரி என்று நினைத்தாள். ஞாயிறன்று பத்து நிமிடம். திங்களன்று அரை மணி. நேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு நாளும் சரியாக மூன்று மணிக்கு.

நேற்று மாலை பயத்தில், ஒரே வாத்தியக் குழுவில் வாசிக்கும் ஜோஸ்லினை ஃபோனில் கூப்பிட்டு, "வியாழக்கிழமை காலையில வந்து என் டெனரை எடுத்துக்கிட்டுப் போயிடு. குழுவுக்கே குடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு இரவு முழுக்கத் தூக்கமில்லை. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் அவளுக்கு என்ன மிச்சம்? ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு தலையணை.

நாளைக் காலை எட்டு மணி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் டெனரைக் கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் கணக்கு.

அது ஒரு டெனர் பான். எண்ணெய்ப் பீப்பாயின் ஒரு முனையைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிண்ணமாகக் குழித்து, அந்தக் குழிவில் இருபத்தொன்பது கட்டங்களை எழுப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுரம் கொடுத்து, குரோமியப் பூச்சில் கண்ணாடி போல் பளபளக்க வைத்த வாத்தியம். வாசிப்பவர் வயிற்றை ஒட்டி இருப்பது மேற்கத்திய இசையின் 'சி' சுரம். அதற்கு நேர் எதிரே, கையை நீட்டினால்தான் எட்டுகிற கோடியில் எஃப் ஷார்ப். துடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்று மட்டும்தான். மற்ற இருபத்தெட்டும் செத்த மீனின் கண் மாதிரி அசையாமல் கிடந்தன.

செய்தவர் அவள் கணவர் வின்ஸ்லோ. இருபத்திரண்டு வருடமாக அவள் அதைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று குழுவில் கேலி பேசுவார்கள். கை கழுவாமல் தொட மாட்டாள். வாசிப்பதற்கு முன்னால் கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைப்பாள், கீறல் விழும் என்று. வாசித்து முடித்ததும் ரேகை ஒன்றுகூடத் தங்காமல் துடைப்பாள். வியர்வையின் உப்பு, துருவுக்கு வாசல். வெயிலில் வைத்தால் சுரம் இறங்கும். அதனால் கூடத்தின் திரைகள் விடிவதற்கு முன்பே இழுத்து மூடப்பட்டுவிடும். அவள் இருட்டில் காபி குடிப்பாள்.

பான் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இரும்பு தானாகப் பேசாது, பதில்தான் பேசும். பக்கத்தில் யாராவது எஃப் ஷார்ப்பில் பாடினால், அதே சுரத்தில் ஒரு மோட்டார் ஓடினால், எஃப் ஷார்ப் கட்டம் தொடாமலே முனகும். ஆகவே எங்கோ, பக்கத்திலேயே, ஏதோ ஒன்று அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவள் ஃபோனை எடுத்தாள்.

"ஏய் யூலாலி! உயிரோடதான் இருக்கியா?" ஜோஸ்லினின் குரலுக்குப் பின்னால் மராக்காஸ் கடற்கரையின் அலை இரைந்தது. இருவரும் முப்பது வருடம் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். "நெத்தியில சாம்பலைப் பூசிக்கிட்டு மூடின வீட்டுக்குள்ள உக்காந்திருப்ப. எனக்குத் தெரியும்."

"உன் சாம்பல் என்னாச்சு?"

"கடல்ல கரைஞ்சு போச்சுடி. பூசிக்கிட்டது கடவுளுக்குத் தெரியும், போதும். சுறா வறுத்துத் தர்றான், ரொட்டிக்குள்ள வெச்சு ரெண்டு தின்னுட்டேன். மூணாவது உன் பங்கு. அதையும் தின்னுடுவேன்."

"ஜோஸ், அது மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."



"ஃப்ரிட்ஜைப் பாரு," என்றாள் ஜோஸ்லின். "எங்க வீட்டுல மிக்ஸி போட்டா என் பான் பொண்ணு மாதிரி அழும். ஒண்ணொண்ணா அமத்திப் பாரு."

"சரி."

"நாளைக்குத்தான் நான் வந்து எடுத்துக்கிட்டுப் போறேனே, அப்புறம் என்ன? யூலாலி, நீ தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்ட. போன வருஷத்தையே நெனச்சுக்கிட்டு இருக்க. போட்டியில ஏழாவதா வந்த குழுவுக்காக யாராவது இப்படி உருகுவாங்களா? ட்யூன் பண்ணும்போது வின்ஸ்லோவை யாரு தொந்தரவு பண்ணியிருக்கா? நானா இருந்தாலும் உள்ள எட்டிப் பாத்திருக்க மாட்டேன்."

யூலாலியின் வாய் தானாகவே ஒப்பித்தது. ஒரு வருடமாக, பாதிரியாரிடமும் போலீஸ்காரரிடமும் துக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். "என்னோட டெனரை முடிச்சு சமையலறை வாசல்ல வெச்சுட்டாரு. அப்புறம் வேற எதையோ பாத்துக்கிட்டு இருந்தாரு. சுரம் பிடிக்கிற குரல் கேட்டுது. நான் தொந்தரவு பண்ணலை."

"அதேதான். விடு. ஃப்ரிட்ஜை அமத்து."

வின்ஸ்லோவின் வழக்கம் பெல்மாண்ட் முழுக்கத் தெரியும். அவர் மீட்டர் பார்த்துச் சுருதி சேர்ப்பவர் இல்லை. வாயை மூடிக்கொண்டு, மூக்கும் நெஞ்சும் அதிர, வேண்டிய சுரத்தை முனகலாக இழுப்பார். இழுத்துக்கொண்டே சின்னச் சுத்தியலால் தட்டுவார். இரும்பும் நெஞ்சும் ஒன்றாகிற வரைக்கும் அது நடக்கும். சில நாள் ஒரு சுரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் கொல்லைப்புறக் கொட்டகைப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். போன வருடம், கார்னிவலுக்கு முந்தைய பான் இறுதிப் போட்டிச் சனிக்கிழமை, மூன்று மணிக்குச் சுத்தியல் சத்தம் நின்றது. முனகல் நிற்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, ஒரு பக்கம் விழுந்து, பேச்சுப் போய், வாயிலிருந்து வரக்கூடியது அந்த முனகல் ஒன்றுதான் என்றாகி, இரண்டு மூன்று மணி நேரம் அவர் தரையில் கிடந்த பிறகே உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கம்பக்கத்தில் கேட்ட அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் நினைத்தார்கள். வின்ஸ்லோ சுரம் பிடிக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது.

யூலாலி ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு மெயின் சுவிட்சையே கீழே இழுத்தாள்.

வீடு மூச்சு விட்ட மாதிரி அடங்கியது. சொட்டுகிற குழாயை இறுக்கினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பேட்டரியை எடுத்தாள். இனி இந்த வீட்டில் ஓடுவது எதுவும் இல்லை.

ரீங்காரம் இருந்தது.

அப்போதுதான் வெளியே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த பம்ப் காதில் பட்டது. ராம்கிசூன்! ஏன் முதலிலேயே தோன்றவில்லை? கிட்டத்தட்ட ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ராம்கிசூன் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கறுப்புத் தொட்டியின் விளிம்பில் தலையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பக்கம் திரும்பியதும் சிரித்தார். "என்ன நெய்பர், நல்ல மூடு போல? பாடிக்கிட்டே வர்றீங்க!"

"நான் எங்க பாடினேன்? கொஞ்சம் உங்க பம்ப்பை நிறுத்துங்க."

"ஐயோ, இன்னைக்கு விட்டா சனிக்கிழமைதான் தண்ணி. ஊரே கடலுக்குப் போயிருக்கு, குழாயில இன்னைக்குத்தான் வேகம் இருக்கு. என்னைக் குளிக்க விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ரெண்டே நிமிஷம், மிஸ்டர் ராம்கிசூன். தயவு பண்ணி."

அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். பம்ப்பையும் நிறுத்தினார். தொட்டிக்குள் கடைசித் தண்ணீர் சளசளத்து ஓய்ந்தது. மாமரத்தில் ஒரு கிஸ்கடிப் பறவை கத்திவிட்டுப் பறந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"இப்ப கேக்குதா உங்களுக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

ராம்கிசூன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கேக்குது."

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் இல்லை, நிம்மதியில். இன்னொருவர் காதுக்கும் கேட்கிறது. தனக்குப் பைத்தியம் இல்லை. இது இருக்கிறது. அப்படியானால் இதற்கு ஒரு இடமும் இருக்கிறது.

"எங்கேருந்து வருது?"

ராம்கிசூன் அவளை விநோதமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்ட மாதிரி இருந்தது. "நெய்பர், வெயில் ஜாஸ்தி. உள்ள போய்ப் படுங்க. என் வீட்டுக்காரி வந்ததும் கொஞ்சம் மோபி மரப்பட்டை ஜூஸ் குடுத்து அனுப்பறேன். நீங்க ஒண்ணும் சாப்பிட்ட மாதிரியே தெரியலை." பிறகு, வேலியை விட்டு ஒரு அடி பின்னால் போய், பம்ப்பை மறுபடி போட்டார்.

அவர் ஏன் பின்னால் போனார் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை.

வீட்டுக்குள் வந்து கைகளைக் கழுவினாள். மோதிரத்தைக் கழற்றினாள். அலமாரியிலிருந்து சோளமாவு டப்பாவை எடுத்தாள். காது ஏமாற்றும், மாவு ஏமாற்றாது. டெனரைத் தாங்கியிலிருந்து கழற்றி, எஃப் ஷார்ப் கட்டத்தின் மேல் ஒரு சிட்டிகை தூவினாள். மஞ்சள் துகள்கள் உடனே எறும்புக் கூட்டம் போலத் துள்ளின. இதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தால் போதும். சத்தத்தின் மூலத்தை நெருங்க நெருங்க மாவு அதிகமாகத் துள்ளும். விலக விலக அடங்கும். வின்ஸ்லோ இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

டெனரை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினாள். கனம். அறுபத்தொரு வயதுத் தோளுக்கு நல்ல கனம். மாவு துள்ளியது. சமையலறைக்குப் போனாள். நேற்று வேகவைத்த உப்பு மீன் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் அசையாமல் நின்ற அந்தச் சிறிய அறையில், மாவு அதே அளவுக்குத் துள்ளியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படுக்கையறை. வின்ஸ்லோவின் சட்டைகள் இன்னும் தொங்குகிற அலமாரியைத் திறந்து, நாப்தலீன் நெடிக்குள் டெனரை நீட்டினாள். அதே துள்ளல். குளியலறை. அதே. வாசல் படி. அதே.

எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்கிற சத்தம் எங்கே இருக்கிறது?

ஒரு இடம் மிச்சமிருந்தது. அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். ஃப்ரிட்ஜை நிறுத்தியபோதும், பம்ப்பை நோக்கி ஓடியபோதும், சட்டைகளுக்கு நடுவே குனிந்தபோதும், முதுகுக்குப் பின்னால் அந்த இடம் பொறுமையாகக் காத்துக்கொண்டுதான் இருந்தது.

கொட்டகைச் சாவி ஒரு வருடமாகத் தொடப்படாமல் ஆணியில் தொங்கியது.

கொல்லையில் பலாக்காய் போன்ற ஈரப்பலாப் பழங்கள் விழுந்து அழுகிக் கிடந்தன. மேட்டின் உச்சியில் எங்கோ புதர் எரிந்த புகை கறுத்த சரிகை போல மிதந்து வந்து தரையில் இறங்கியது. பூட்டு எளிதில் திறக்கவில்லை. டெனரை இடுப்பில் தாங்கி, தோளால் கதவைத் தள்ளினாள்.

சூடான தகரக் கூரையின் வாசனை. கருகிய இரும்பின் வாசனை. அதற்கும் அடியில், பழைய டயர் ரப்பரும், பீப்பாய்களில் ஒட்டிய எண்ணெயும், அவருடைய வியர்வையும் சேர்ந்து கெட்டிப்பட்ட ஒன்று. சுவரில் சுத்தியல்கள் பெரிதிலிருந்து சிறிது வரை ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. ஒரு ஆணி காலியாக இருந்தது. பாதி குழித்த பீப்பாய் ஒன்று மூலையில் சிலந்தி வலை நிரம்பி வாயைத் திறந்திருந்தது. தகர ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் தரையில் காசு காசாகக் கிடந்தது. அவர் விழுந்து கிடந்த இடத்தில் மட்டும் ஒரு காசும் விழவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாவைப் பார்த்தாள்.

அதே துள்ளல். சமையலறையில் இருந்த அளவுதான்.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு சிரித்துவிட்டாள். இங்கேயும் அதே! இங்கே கூடவில்லை! கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் இங்கே இல்லை. இங்கே யாரும் இல்லை. இரும்பில் ஏதோ கோளாறு. ஏதோ ஒரு விரிசல், ஏதோ ஒரு உஷ்ணம். ஜோஸ்லினுக்குத் தெரிந்த நல்ல கைக்காரனிடம் கொண்டுபோனால் நாலு தட்டில் சரியாகிவிடும். டெனர் எங்கும் போக வேண்டியதில்லை.

டெனரை அவருடைய தாங்கியில் மாட்டினாள். புழுக்கம் தாளவில்லை. கோடியில் இருந்த ஜன்னலைத் திறக்கப் போனாள். எட்டு அடி, பத்து அடி. கொக்கியைத் தூக்கித் தள்ளி, வெளிச்சம் உள்ளே சரிந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

மாவு அடங்கியிருந்தது.

மஞ்சள் கோடாக, ஆடாமல், படுத்திருந்தது.

நின்றுவிட்டதா? இன்றைய நேரம் முடிந்துவிட்டதா? அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். இரண்டாவது அடி.

துகள் ஒன்று நகர்ந்தது.

மூன்றாவது அடி. கோடு கலைந்தது. நாலாவது. மாவு எழுந்தது.

நின்றாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். அது தணிந்தது.

முன்னால். எழுந்தது.

பின்னால். தணிந்தது.

வேண்டாம் என்று மனம் சொன்னது. கால்கள் நடந்தன. தாங்கியை நெருங்கினாள். குனிந்தாள். முகத்தை இரும்புக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனாள். எஃப் ஷார்ப் கட்டம் குழந்தையின் வயிறு மாதிரி துடித்தது. மாவு விளிம்பைத் தாண்டித் தெறித்து அவள் கன்னத்தில் பட்டது.

குரோமியத்தில் அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் சாம்பல். கண்கள். மூடிய உதடுகள்.

கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள்.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

பாடிக்கிட்டே வர்றீங்க, என்று ராம்கிசூன் சொன்னார். கேக்குது, என்று அவளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பின்னால் ஒரு அடி போனார்.

மூச்சைப் பிடித்தாள். பத்து எண்ணினாள். இருபது. மார்பு அசையவில்லை. மூக்கில் காற்று இல்லை.

முனகல் நிற்கவில்லை.

அது அவள் மூச்சில் இல்லை. அதற்கும் கீழே இருந்து வந்தது. அவளுடைய குரலைவிடத் தடித்த, ஒரு ஆணின் நெஞ்சிலிருந்து வருகிற கனத்தோடு, பற்களுக்குப் பின்னால் நிதானமாக இழுபட்டது. சனிக்கிழமையிலிருந்து காதில் கேட்பதாக நினைத்தது, எலும்பில் கேட்டது.

கத்தினால் உடைந்துவிடும் என்று தோன்றியது. யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ராம்கிசூன் இருபது அடி தூரத்தில் இருக்கிறார். பம்ப் சத்தம் கேட்கிறது.

வாயைத் திறக்க முயன்றாள்.

உதடுகள் திறக்கவில்லை.

விரல்களால் பிரிக்கப் பார்த்தாள். இடது கை மேலே வரவில்லை. அது பக்கவாட்டில் யாருடையதோ போலத் தொங்கியது. இடது முழங்கால் மடிந்தது. தாங்கியைப் பிடித்தாள். தாங்கி சாய்ந்தது. டெனர் அவள் மேல் வந்து விழுந்தது. இரண்டும் சேர்ந்து தரையில், வெயில் காசு விழாத அந்த இடத்தில் விழுந்தன. நெஞ்சின் மேல் இரும்பு. அதன் விளிம்பைப் பிடித்த வலது கை. மூடிய வாய். அந்தச் சுரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பம்ப் நின்றது. ராம்கிசூன் செருமிக்கொண்டு வீட்டுக்குள் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

இப்போது யாரிடமும் அவள் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

போன வருடம் அவர் டெனரைச் சமையலறை வாசலில் வைக்கவில்லை. அது இங்கேதான் இருந்தது.

நாலு மணிக்கு அவள் இந்தக் கதவைத் திறந்தாள். குழுவின் சட்டையைப் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, தலைக்குத் துணி கட்டி, புறப்படத் தயாராக வந்து திறந்தாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு இறுதிப் போட்டி. முதல் முறையாக அவளுக்கு முன்வரிசை. சந்து முனையில், அவளை ஏற்றிப்போக வந்த குழுவின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வின்ஸ்லோ இந்தத் தரையில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின் மேல் டெனர். ஒரு கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. வாய் கோணியிருந்தது. எஃப் ஷார்ப். சுரம் சேர்ந்துவிட்டால் அவர் அப்படித்தான் அதை நீட்டி இழுப்பார், அவள் வந்து சரி பார்க்க வேண்டும் என்று. இருபத்திரண்டு வருடமாக அவளைக் கூப்பிட அவர் வைத்திருந்த சத்தம் அது.

அவர் கூப்பிட்டார். அவள் வந்தாள். பக்கத்தில் மண்டியிட்டாள்.

விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஐந்து விரல். சுண்டுவிரல்தான் கடைசியாக விட்டது. டெனரை அவர் நெஞ்சிலிருந்து தூக்கியபோது, எஃப் ஷார்ப் கட்டம் அவளுடைய கைக்குள் அவருக்குப் பதில் சொல்லித் துடித்தது. பையிலிருந்து பருத்தித் துணியை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அவருடைய ரேகைகளைத் துடைத்தாள். உப்புத் தங்கக் கூடாது.

டெனரோடு வெளியே வந்து, கதவைச் சாத்தி, லாரியை நோக்கி நடந்தாள். அப்போதும் அவர் அந்தச் சுரத்தை விடவில்லை. கொஞ்சம்கூடப் பிசகவில்லை.